'மதி இறுக்கம்' என்பதா, ஆட்டிசம் என்றே சொல்வதா?

கடலோர அம்மா:
மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம் இருக்கிறது. அவனுடைய மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காகக் கொடுத்த தாளில் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்' என்று இருந்தது. படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்துகிற பிள்ளை அவன். சட்டைக் காலரில் இருக்கும் லேபிளைக் கத்தரித்தால்தான் போட்டுக்கொள்வான். வெளியுலகம் அவன்மேல் அளவுக்கு மீறி வந்து விழுகிறது. அவனைப் போய் வெளியுலகச் சிந்தனை இல்லாதவன் என்பதா? ஆட்டிசம் என்றே எழுதட்டும். ஏப்ரல் 2 அன்று ஆட்டிசம் விழிப்புணர்வுக்காக நீல விளக்குப் போடுகிறவர்கள் முதலில் இந்தச் சொல்லை மாற்றட்டும்.

தஞ்சைத் தமிழாசிரியர்:
சகோதரி, உங்கள் வேதனை நியாயமானது. முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. என் வகுப்புப் பையன் ஒருவனுக்கு ஆட்டிசம் என்று அவன் பாட்டியிடம் சொன்னேன். "தலைய ஆட்டுற வியாதியா சார்?" என்று கேட்டார். காதில் விழுந்ததும் ஏதாவது பிடிபட வேண்டாமா? 'மாற்றுத்திறனாளி' 2010 வாக்கில் வந்த சொல்தான். இன்று பஸ் கண்டக்டர்கூட அதைச் சொல்கிறார். புழங்கினால் சொல் பழகிவிடும்.

சிறப்பாசிரியை:
ஐயா, உடனே பிடிபடுவதில்தான் எனக்குப் பயம். 'மதி இறுக்கம்' என்றால் 'மன இறுக்கம்' என்று கேட்கிறது. பிள்ளைக்கு ஏதோ டென்ஷன் என்று நினைக்கிறார்கள். அடுத்த கேள்வி அம்மாவிடம்: வேலைக்குப் போனாயா, போனைக் கையில் கொடுத்தாயா? இந்தப் பழி பழையது. 1943-இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே பெற்றோரின் பாசக்குறைவு பற்றிப் பேச்சு உண்டு. பிறகு புருனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் தாயைக் குற்றவாளி ஆக்கினார்கள். அந்தக் கருத்து தவறு. ஆட்டிசம் மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. மரபணுக்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

ரெண்டு பிள்ளைக்காரன்:
பெயரே எதற்கு என்கிறேன். என் பெரியவன் மூன்றரை வயது வரை பேசவில்லை. வசம்பு உரசி நாக்கில் தடவினோம், காத்திருந்தோம், பேசிவிட்டான். டாக்டரிடம் போயிருந்தால் முத்திரை குத்தியிருப்பார்கள்.

சிறப்பாசிரியை:
அண்ணா, உங்கள் மகன் பேசியதில் சந்தோஷம். ஆனால் பேச்சை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காக்காயைக் காட்டிவிட்டு, நாமும் பார்க்கிறோமா என்று நம் முகத்தைப் பார்க்கிறதா? 16 முதல் 30 மாதப் பிள்ளைகளிடம் ஆட்டிசத்தின் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க எம்-சாட் என்று 20 கேள்விகள் உண்டு. அதில் சந்தேகம் வந்தால் உடனே ஆட்டிசம் என்று முடிவு கட்டமாட்டார்கள், மேற்கொண்டு பரிசோதிப்பார்கள். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று ஐந்து வயது வரை காத்திருந்து, பிறகு என் முன்னால் உட்கார்ந்து அழுத தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. பெயர் இல்லையென்றால் சான்றிதழ் ஏது?

ஒலியடைப்பான்:
எனக்கு ஆட்டிசம் என்று 28 வயதில்தான் தெரிந்தது. அதுவரை வீட்டில் நான் திமிர் பிடித்தவன். பெரியவர்கள் கண்ணைப் பார்த்துப் பேசாததற்கு அறை வாங்கியிருக்கிறேன். அதனால் பெயர் வேண்டாம் என்பவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அம்மா, 'ஆட்டிசம்' மட்டும் சுத்தமான சொல் என்று நினைக்காதீர்கள். கிரேக்கத்தில் 'ஆட்டோஸ்' என்றால் 'தான்'. தனக்குள் ஒடுங்குவதைக் குறிக்க மனநல மருத்துவர் ஓய்கன் பிளாய்லர் உருவாக்கிய சொல் அது. நம் தாளில் இருக்கும் அதே தப்பு அதிலும் இருக்கிறது. நம் காதுக்கு அது கேட்பதில்லை, அவ்வளவுதான். தமிழில் புதுச்சொல் செய்யுங்கள், நான் எதிர்க்கவில்லை. செய்யும்போது எங்களையும் கேளுங்கள்.

தஞ்சைத் தமிழாசிரியர்:
தம்பி, இது எனக்குத் தோன்றவே இல்லை. 'புற உலகச் சிந்தனையற்ற' என்பது போகத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். தமிழ்ச் சொல் வேண்டும் என்பதை மட்டும் விடமாட்டேன்.

கடலோர அம்மா:
நானும் என் பக்கத்தை விடவில்லை ஐயா. பஸ்ஸில் அவன் அலறும்போது எந்தப் பெயரைச் சொன்னாலும் முறைக்கத்தான் செய்கிறார்கள். "சத்தம் இவனுக்கு வலிக்குதுங்க" என்றால் டிரைவர் பாட்டைக் குறைக்கிறார். சரி, அந்த மூன்று சொற்களையும் எடுக்கச் சொல்லி மனு எழுதுகிறேன். நீங்கள் பிழை திருத்திக் கையெழுத்துப் போடுவீர்களா?