சைலன்சர் மாற்றிய பிறகு வெடிச்சத்தம், கீழ் வேகத்தில் இழுவை இல்லை

வண்டி 1985 ஹோண்டா ஏடிசி 200எக்ஸ், மூன்று சக்கர வண்டி. 192 சிசி, நான்கு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர். துருப்பிடித்து ஓட்டையான பழைய சைலன்சரைக் கழற்றிவிட்டு, மூன்று வாரங்களுக்கு முன் அகலமான குழாயும் சத்தத் தடுப்பு குறைந்த சைலன்சரும் பொருத்தினேன். அன்று பிடித்தது தொல்லை.

ஆக்சிலரேட்டரை விட்டவுடன் பட்பட்டென்று வெடிக்கிறது. கால்பங்கு திறப்பு வரை இழுவையே கிடையாது. மணல் மேட்டில் இரண்டாம் கியரில் திணறி நின்றுவிடுகிறது. பாதிக்கு மேல் திறந்தால் முன்பைவிட நன்றாகவே பாய்கிறது என்பதுதான் எரிச்சல். இருட்டில் பார்த்தால், வண்டி சும்மா நின்று ஓடும்போதே, சிலிண்டரை விட்டு வெளிவரும் வளைவில் ஒரு சாண் நீளத்துக்குக் குழாய் மங்கலாகச் சிவக்கிறது.

கார்புரேட்டரில் முழுத் திறப்புக்குப் பெட்ரோல் விடும் துளையான மெயின் ஜெட்டை இரண்டு அளவு ஏற்றினேன். முழுத் திறப்பில் ஓட்டி நிறுத்திப் பார்த்தால் ஸ்பார்க் பிளக் இளம்பழுப்பாக இருக்கிறது, அதாவது அங்கே கலவை சரி. நடுத் திறப்பில் பெட்ரோல் கூட, கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றினேன். எக்ஸாஸ்ட் கேஸ்கெட் புதிது. எஞ்சின் சூடேறுமுன் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவியும் குமிழி வரவில்லை. கார்புரேட்டர் ரப்பரில் விரிசல் இல்லை, வால்வு இடைவெளியும் சரி. தீப்பொறி தடுக்கும் வலையை மட்டும் கழற்றச் சொல்லாதீர்கள். காய்ந்த புல்லில் ஓட்டுகிறேன்.

குறைந்த திறப்பில் பெட்ரோல் விடும் பைலட் ஜெட் இன்னும் பழையதுதான். அதை ஓர் அளவு ஏற்றினால் தீருமா, அல்லது குழாயின் அகலமே இந்த எஞ்சினுக்கு மிகையா?