வரன் வீட்டார் கிளினிக்குக்கு போன் செய்தால் என்ன சொல்வது?

கேள்வி: காவிரிக்கரையாள்

அண்ணி பல் மருத்துவர். கும்பகோணத்தில் இரண்டு நாற்காலி போட்ட சிறிய கிளினிக். வரவேற்பு, கணக்கு, போன் எல்லாம் என் பொறுப்பு. சென்ற வாரம் ஒரு பெரியவர் போன் செய்தார். குரலில் அத்தனை மரியாதை. ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, "எங்கள் பையனுக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். முன்பல் இரண்டும் சொந்தப் பல்லா, கட்டிய பல்லா? அது மட்டும் தெரிந்தால் போதும் அம்மா" என்றார். டாக்டர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தப் பெண் எங்களிடம் வந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது? எங்கள் பேஸ்புக் பக்கத்தில் அவளுடைய சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் இருக்கின்றன. கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை உண்டு. ஆனால் மேலுதட்டு மச்சமும் எட்டுக்கல் மூக்குத்தியும் பளிச்சென்று தெரிகின்றன. அந்தத் தெருக்காரர் எவரும் பெயரோடு சொல்லிவிடுவார்கள். அண்ணியோ, "படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், கண்ணையும் மறைத்தாயிற்று, இதற்கு மேல் என்ன?" என்கிறார். படிவம் முழுக்க ஆங்கிலம். வேர் சிகிச்சைக்கான சம்மதத்தின் கடைசி வரியில், புகைப்படம் பயன்படுத்தப்படலாம் என்று பொடி எழுத்தில் இருக்கிறது.

அந்தக் கையெழுத்து செல்லுமா? எங்கள் கேஸ் ஷீட் (நோயாளி பற்றிய குறிப்புத் தாள்) எல்லாம் காகிதம்தான், தரவுப் பாதுகாப்புக்கான புதுச் சட்டம் எங்களைப் பிடிக்குமா? அந்தப் பெரியவர் மறுபடி அழைத்தால் என்ன பதில்?

பதில் 1: கொங்கு பல் வைத்தியர்

"டாக்டர் இல்லை" என்றால் நாளைக்கு மறுபடி கூப்பிடுவார். "எல்லாம் நன்றாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று நல்லெண்ணத்தில் சொல்வது அதைவிட ஆபத்து. ஒருவருக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அடுத்தவருக்குச் சொல்ல முடியாது என்றால், அந்த மறுப்பே பதிலாகிவிடுகிறது. எனவே யார் கேட்டாலும் ஒரே வாக்கியம்: "இங்கே யார் வந்தார்கள், வரவில்லை என்பதையே நாங்கள் வெளியே சொல்வதில்லை." அப்படியென்றால் ஏதோ இருக்கிறது என்று அவர் இழுத்தால், "நாளைக்கு உங்கள் பையனைப் பற்றி யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன் ஐயா" என்று சொல்லுங்கள். என் அனுபவத்தில் இதற்குப் பிறகு யாரும் வாதாடுவதில்லை. கருவி கழுவும் அக்காவுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள், பாதி விசாரணை கிளினிக் வாசலில்தான் நடக்கிறது.

உங்கள் அண்ணிக்கு: கறுப்புப் பட்டை பழைய பாடப்புத்தக வழக்கம். பல் வைத்தியத்தில் அடையாளமே வாயில்தானே இருக்கிறது! கன்னத்தை விலக்கும் ரிட்ராக்டர் போட்டு, உதடு தெரியாமல் பல்லையும் ஈறையும் மட்டும் எடுத்தால் மச்சமும் வராது, மூக்குத்தியும் வராது. வேலைத்திறனை அதிலேயே காட்டலாம். நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்பது பல் மருத்துவர்களுக்கான 2014ஆம் ஆண்டு ஒழுக்க நெறி விதிகளிலேயே இருக்கிறது. விளம்பரத்துக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. அந்தப் படத்தை இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பதில் 2: கறுப்புக் கோட்டு

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. காகிதமாகவே இருக்கும் நோட்டு இச்சட்டத்துக்குள் வராது. ஆனால் அதே பக்கத்தை போனில் படம் பிடித்தால் அந்த நிமிடமே உள்ளே வந்துவிடும். கணினியில் எடுக்கும் எக்ஸ்ரேயும் அப்படியே. பல் வைத்தியத்தில் இன்று முழுக்கக் காகிதம் என்று எந்தக் கிளினிக்கும் சொல்ல முடியாது.

சம்மதம் குறிப்பிட்ட நோக்கத்துக்காக இருக்க வேண்டும். சிகிச்சைக்கான சம்மதத்தின் வாலில் விளம்பரத்தைக் கட்டிவிட முடியாது, படத்துக்குத் தனிக் கையெழுத்து வாங்குங்கள். தமிழில் படித்துப் பார்க்கும் வாய்ப்பையும் கொடுக்க வேண்டும், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் அனைத்துக்கும் அந்த உரிமை இருக்கிறது. கொடுத்த சம்மதத்தை அதே சுலபத்தோடு திரும்பப் பெறவும் வழி வேண்டும். 18 வயது நிறையாத பிள்ளையின் கம்பி போட்ட படத்தைப் பதிவிடுவதென்றால் பெற்றோர் சம்மதம் தேவை.

பாதுகாப்பு ஏற்பாடு இல்லாததற்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை என்று பயமுறுத்துவார்கள். அது உச்சவரம்பு, தவறின் தன்மையைப் பார்த்துத்தான் தொகை முடிவாகும். எனக்கு உறுத்துவது வேறு. அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. சம்பந்தம் முறிந்துபோன பெண்ணுக்கு இச்சட்டத்தில் ஒரு ரூபாய் இழப்பீடு கிடையாது.

பதில் 3: பீங்கான் விரல்

நான் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் பல் லேப் வைத்திருக்கிறேன். டாக்டர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை. முழுப் பெயர், ஊர், சிரிக்கும் முகம், "வியாழன் நிச்சயதார்த்தம், சீக்கிரம் வேண்டும்" என்ற குறிப்பு வேறு! கேப் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை) செய்ய எனக்குத் தேவை கேஸ் எண், பல் எண் 11, 21 (மேல் முன்பல் இரண்டும்), ஷேடு ஏ2 (பல்லின் நிறக் குறியீடு), தேதி. நிறம் ஒத்துப்பார்க்கப் பல்லின் படம் வேண்டும், முகம் எப்போதாவதுதான் வேண்டும். லேப் பையனின் போனில் எல்லாப் படமும் தானாகக் கேலரியில் சேர்கிறது, அவன் வேலையை விட்டுப் போகும்போது அதுவும் கூடவே போகிறது.

சிபிசிடி என்னும் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன் அனுப்புகிறவர்கள் கவனிக்க: கோப்பின் பெயரை மாற்றினால் போதாது. டைகாம் (மருத்துவப் படங்களைச் சேமிக்கும் வடிவம்) கோப்புக்குள்ளேயே நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் எழுதப்பட்டிருக்கும். ஏற்றுமதி செய்யும்போது பெயர் நீக்கும் வசதி இருக்கிறதா என்று மென்பொருளில் தேடுங்கள்.

பதில் 2இன் தொடர்ச்சி: கறுப்புக் கோட்டு

லேப்காரர் சொன்னதில் ஒரு சட்டச் சேதி இருக்கிறது. லேபில் இருந்து கசிந்தாலும் பொறுப்பு கிளினிக்குடையதுதான். லேபோடும் மென்பொருள் நிறுவனத்தோடும் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரையாள்

எல்லோருக்கும் நன்றி. படத்தை அண்ணி எடுத்துவிட்டார், முணுமுணுப்போடுதான். புகைப்படச் சம்மதத்தைத் தனித்தாளில் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேஸ்புக், கிளினிக் சுவர், மருத்துவக் கூட்டம் என்று மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்திருக்கிறேன். பீங்கான் விரல் அவர்களே, கேஸ் எண்ணை மட்டும் அனுப்பினால் ஒருவருடைய கேப் இன்னொருவருக்குப் போய்விடாதா என்று அண்ணி கேட்கிறார்.

பீங்கான் விரல்

பெயர் எழுதியபோதுதான் மாறியது. ஒரே நாளில் இரண்டு கார்த்திக் வந்தால் என்ன செய்வீர்கள்? எண்ணை, பல் அச்சில் வார்த்த மாதிரிக்கட்டின் அடியிலும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.