பூரணம் வைத்த ஆட்டுத் தொடை ரோஸ்ட்: வெளியே வறண்டு, உள்ளே வேகாமல் போனது ஏன்?

கேள்வி

சென்ற வாரம் முதன்முறையாக, எலும்பு நீக்கிய ஆட்டுத் தொடைக்குள் பூரணம் வைத்துச் சுருட்டிக் கட்டி ஓவனில் சுட்டேன். கறி 2 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. வெங்காயம், பூண்டு, பசலைக்கீரை ஆகியவற்றை வதக்கி, ரொட்டித்தூளும் புதினாவும் சேர்த்து, ஏறத்தாழ 800 கிராம் பூரணத்தை உள்ளே அடைத்து, 200 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தேன். மேற்புறம் நன்றாகச் சிவந்து மணம் வந்ததால் வெந்துவிட்டது என்று நம்பி உடனே அறுத்தேன். வெளியே ஒரு விரற்கடை கனத்துக்குக் கறி நார்நாராக வறண்டிருந்தது. நடுவிலிருந்த பூரணமோ வெதுவெதுப்பான கூழாக, பச்சைக் கறியின் வாடையுடன் இருந்தது. துண்டுகள் சுருள் பிரிந்து சரிந்தன, பலகை முழுவதும் சாறு ஓடியது. நேரத்தைக் கூட்டினால் வெளிப்புறம் இன்னும் வறளும், குறைத்தால் நடுப்பகுதி வேகாது. இதற்கு என்னதான் வழி?

மறுமொழி 1

உங்கள் கைப்பக்குவத்தில் பெரிய குறை எதுவும் இல்லை. பூரணத்தின் அளவுதான் கூடிவிட்டது. சூடு வெளியிலிருந்து நடுவை எட்ட எடுக்கும் நேரம், சுருளின் எடையைவிட அதன் கனத்தையே பெரிதும் பொறுத்தது. கனம் இருமடங்கானால் நேரம் இருமடங்காவதில்லை, ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். எனவே 800 கிராம் பூரணம் சுருளைப் பெருக்கச் செய்தபோதே, நடு வேகுமுன் வெளிப்புறம் வறளப்போவது உறுதியாகிவிட்டது. அந்த அளவுக் கறிக்கு 300 கிராம் போதும். அதையும் நடுவில் குவிக்காமல், விரித்த கறியின் மேல் அரை விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, ஓரங்களில் இரண்டு விரல் இடம் விட்டுச் சுருட்டுங்கள்.

அடுத்தது வெப்பம். முதல் 20 நிமிடம் 220 டிகிரியில் வைத்து மேற்புறத்தைச் சிவக்கவிட்டு, பிறகு 160 டிகிரிக்குக் குறைத்துவிடுங்கள். விசிறியுள்ள ஓவன் என்றால் இரண்டிலும் 20 டிகிரி குறைவாக வையுங்கள். ஒன்றேகால் மணி நேரம் ஆனதும் கறி வெப்பமானியைச் சுருளின் ஒரு முனையிலிருந்து நீளவாக்கில் செலுத்தி, அதன் நுனி பூரணத்தின் நடுவில் நிற்கும்படி பாருங்கள். அங்கே 74 டிகிரி காட்டும் வரை ஓவனிலிருந்து எடுக்காதீர்கள். நிறமும் மணமும் மேற்புறத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். ஆகவே வெப்பமானி இல்லாமல் இந்தச் சமையலைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2

மேலே சொன்னது முற்றிலும் சரி. ஆனால் பூரணம் கூழாகியதற்குக் கனம் மட்டும் காரணமன்று, கீரையின் நீரும் காரணம். வதக்கிய கீரையை ஆறவைத்து, ஒரு மெல்லிய துணியில் போட்டு முறுக்கிப் பாருங்கள். வடித்துவிட்டோம் என்று நினைத்த கீரையிலிருந்து அரைக் கோப்பைப் பச்சைநீர் இறங்கும். பிறகு கையில் இருப்பது எலுமிச்சை அளவு உருண்டைதான், ஆனால் சுவை முழுவதும் அதில் இருக்கும். வெங்காயத்தையும் ஈரம் வற்றிப் பொன்னிறமாகும் வரை வதக்க வேண்டும். ரொட்டித்தூள் கறியிலிருந்து இறங்கும் சாற்றை உறிஞ்சத்தான் இருக்கிறது. நம் கவனக்குறைவால் தங்கிவிட்ட தண்ணீரை அது முன்பே குடித்துவிட்டால், கறிச்சாற்றுக்கு அதில் இடமிருக்காது.

கறியை விரிப்பதிலும் ஒரு கவனம் தேவை. எலும்பை எடுத்த தொடை ஒரே கனத்தில் இருப்பதில்லை. தடித்த தசைகளைக் கத்தியால் கிடைவாக்கில் பாதி வரை அறுத்துப் புத்தகம்போல் திறந்துவிட்டால், சுருள் எல்லா இடத்திலும் ஒரே சீராக வேகும். அப்போது தசைகளுக்கிடையே, கொழுப்புப் பொதிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு நிணநீர்க் கணு தென்படும். அதை அந்தக் கொழுப்போடு சேர்த்து நீக்கிவிடுங்கள். அதை விட்டுவிட்டால் வாயில் தட்டுப்படும். கட்டுவதற்குப் பருத்தி நூலே ஏற்றது, நைலான் நூல் உருகும். இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு தனி முடிச்சாகப் போடுங்கள். நூல் கறியில் லேசாகப் பதிந்தால் போதும். இறுக்கிக் கட்டினால், வேகும்போது கறி சுருங்கிப் பூரணம் முனைகளின் வழியே பிதுங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஆட்டுத் தொடையை உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். 74 டிகிரி என்றால் அந்த நிறம் போய்விடாதா? மேலும், முதல் நாள் இரவே பூரணம் வைத்துக் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாமா?

மறுமொழி 1

இளஞ்சிவப்பு நிறம் போய்விடும் என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். முழுத் தொடையில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், ஓவனின் சூடு அங்கே முதலில் படும். அதனால்தான் முழுக் கறியை 63 டிகிரியில் எடுத்து, மூன்று நிமிடம் ஆறவிட்டால் போதும் என்கிறார்கள். விரித்துச் சுருட்டும்போதோ, அந்த மேற்பரப்பின் ஒரு பகுதி உள்ளே போய்விடுகிறது, பச்சைக் கறியின் சாறும் ரொட்டித்தூளில் ஊறுகிறது. ஆகவே பூரணம் 74 டிகிரியை எட்டியே தீர வேண்டும். இளஞ்சிவப்புக் கறிதான் வேண்டுமென்றால், பூரணத்தைத் தனித் தட்டில் வேகவைத்துப் பக்கத்தில் பரிமாறுங்கள். எனக்குப் பூரணம் வைத்ததே பிடிக்கும்: 160 டிகிரியில் நிதானமாக வெந்த தொடை, நிறம் மாறினாலும் சாறு வற்றாமல் இருக்கும்.

இரவே பூரணம் வைக்க வேண்டாம். கறிக்கு மட்டும் கிலோவுக்கு 10 கிராம் உப்பு தடவி, மூடாமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உப்பு உள்ளே இறங்கும், மேற்புறம் உலர்ந்து நன்றாகச் சிவக்கும். பூரணத்தைத் தனியே ஆறவைத்து மூடி வைத்து, ஓவன் சூடானபின் அடைத்துக் கட்டி உடனே சுடுங்கள்.

மறுமொழி 3

பலகையில் ஓடிய சாற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஓவனிலிருந்து எடுத்ததும் தளர்வாக மூடி 20 நிமிடம் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் சாறு சற்றே கெட்டிப்பட்டுக் கறியிலேயே தங்கும், பூரணமும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அறுக்கும்போது எல்லா முடிச்சுகளையும் ஒரேயடியாக வெட்டாமல், கத்தி நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக நீக்குங்கள். ஒரு விரற்கடை கனத்துக்கு அறுத்தால் சுருள் பிரியாது. தட்டுகளைச் சூடாக்கி வைத்துப் பரிமாறுங்கள், ஏனென்றால் ஆட்டுக் கொழுப்பு குளிர்ந்த தட்டில் பட்டவுடன் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.