கொழும்புக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைக்கு: மெஷினைப் பெட்டியிலிருந்து எடுங்கள்

போன வாரம் இந்தப் பக்கத்தில் ஒரு தங்கை எழுதியிருந்தார். கணவருக்குக் கொழும்பில் வேலை. கோயம்புத்தூரிலிருந்து வந்து தெஹிவளையில் குடியேறி ஒரு மாதம் ஆகிறதாம். ஊரில் ஒட்டுத்துணி சேர்த்து க்வில்ட் தைத்துக்கொண்டிருந்தவர். "இந்த வெக்கையில் போர்வைக்கு என்ன வேலை, மெஷினை வெளியே எடுக்கவே மனசு வரலை, பேசவும் ஆள் இல்லை" என்று முடித்திருந்தார். அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நானும் 2019-இல் மதுரையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து, மூன்று மாதம் மெஷினைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தவள்தான். அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் கவலை மின்சாரம் என்றால் அதை விட்டுவிடுங்கள். இங்கேயும் நம் ஊர்போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இந்திய மெஷின் அப்படியே ஓடும். பிளக் மட்டும்தான் வேறு. பழைய வீடுகளில் நம்முடைய உருண்டை முள் பிளக் போகும். புதிய அடுக்குமாடிகளில் சதுர முள் மூன்று இருக்கும், ஒரு அடாப்டர் போதும். மெஷின் கொண்டுவராதவர்களும் பயப்பட வேண்டாம். சிங்கர் இந்த ஊரில் கடை திறந்தது 1877-இல். கால்மிதி மெஷினைப் பழுது பார்க்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இனி வெக்கை விஷயம். நாம் இணையத்தில் பார்க்கிற வடிவங்கள் எல்லாம் இலையுதிர் காலம், பனிக்காலம் என்று இருக்கும். அவற்றை வைத்துக் கொழும்பில் தைக்க உட்கார்ந்தால் எதுவுமே பொருந்தாது, உற்சாகமும் போய்விடும். இங்கே வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூடுதான். மாறுவது மழையும் பண்டிகையும். அந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் தையல் வேலைக்கு இதைவிட நல்ல நாட்காட்டி கிடையாது.

மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கும். அக்டோபர், நவம்பரில் இன்னொரு பெருமழை, அதுவும் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு. இந்த மாதங்களில் முழுப் போர்வையை முடிக்கவும் துவைக்கவும் நினைக்காதீர்கள். காற்றில் அவ்வளவு ஈரம். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்குப் போர்வை உள்ளுக்குள் காயாமலே கிடந்து பூஞ்சை வாடை பிடித்துவிடும். இது வெட்டவும், சின்னச் சின்னக் கட்டங்களாகத் தைத்து அடுக்கவும் உரிய காலம். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை வானம் தெளிந்திருக்கும். அடுக்குகளைச் சேர்ப்பது, ஓட்டுத்தையல் போடுவது, ஓரம் கட்டுவது, துவைத்து மொட்டைமாடியில் காயப்போடுவது எல்லாம் அப்போதுதான். இது தெரியாமல் முதல் வருஷம் நவம்பரில் ஒரு போர்வையை முடித்தேன். அலமாரியில் மடித்து வைத்த மூன்றாம் வாரமே கரும்புள்ளி விழுந்துவிட்டது.

இன்னொன்று, உள்ளே பஞ்சுத்தகடு வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. கடையில் வாடிங் என்று கேட்டால் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் பாலியெஸ்டர். இந்த ஊர் வேர்வைக்கு அது உடம்பில் ஒட்டும். நான் நடுவில் ஒரு பழைய பருத்திச் சேலையை வைக்கிறேன். வங்காளத்துக் காந்தா வேலையே பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கையால் ஓட்டியதுதானே, அதில் தனிப் பஞ்சு கிடையாது. மின்விசிறிக் காற்றுக்குப் போர்த்திக்கொள்ள அந்தக் கனமே போதும், துவைத்தால் ஒரே நாளில் காய்ந்தும் விடும். இலவம்பஞ்சு இங்கே மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை நிரப்பிவிடாதீர்கள். அந்த இழை வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பிடிக்காது. இரண்டு துவைப்பில் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிக் கட்டிதட்டிவிடும். தலையணைக்கு அது சரி. கனமான போர்வை தைக்க ஆசையாக இருந்தால் நுவரெலியாவில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துத் தையுங்கள். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம், ஜனவரி இரவில் அங்கே உண்மையாகவே குளிரும்.

பண்டிகைகளுக்கு வருகிறேன். தைப்பொங்கலும் தீபாவளியும் இங்கே அரசு விடுமுறை. ஏப்ரலில் வருஷப்பிறப்புக்கு நாடே ஊருக்குக் கிளம்பிப் போய்விடும், கொழும்பு காலியாகக் கிடக்கும், அந்த வாரம் யாரையும் எதிர்பார்க்காதீர்கள். ஆடியில் செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து வேல் ரதம் காலி வீதி (Galle Road) வழியாகப் பம்பலப்பிட்டிப் பக்கம் வரும். அதற்கு நாங்கள் மயில்தோகைக் கட்டம் தைத்துச் சுவரில் மாட்டுவோம். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது மே மாதத்து வெசாக், பௌத்தர்களின் பெரிய பண்டிகை. வீட்டுக்கு வீடு காகித விளக்குக் கூடு தொங்கும். அதில் அட்டபட்டம் என்ற எண்பட்டைக் கூடு ஒன்று இருக்கிறது. அதை உற்றுப் பாருங்கள், சதுரமும் முக்கோணமும்தான் மாறிமாறி ஒட்டியிருக்கும். என் மாடிவீட்டுச் சிங்களப் பெண் மூங்கில் குச்சியை வளைத்துக் கட்டிக்கொண்டிருந்ததைப் படியில் நின்று பார்த்தேன். அன்று ராத்திரியே அதைத் துணியில் விரித்து வெட்டிப் பார்த்தேன். மறுநாள் அவரிடம் காட்டியபோது, "அக்கே, இது எங்கட கூடு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பழக்கம் அங்கேதான் ஆரம்பித்தது. நான் இந்த ஊர்க்காரியானதும் அன்றிலிருந்துதான் என்று சொல்லணும்.

துணி வாங்கப் புறக்கோட்டைக்குப் போங்கள். தெஹிவளையிலிருந்து கடலோர ரயிலில் ஏறினால் கோட்டை ஸ்டேஷன், அங்கிருந்து நடைதான். பஸ்ஸென்றால் காலி வீதியில் 100, 101 இரண்டும் போகும். மெயின் ஸ்ட்ரீட், கெய்சர் ஸ்ட்ரீட், இரண்டாம் குறுக்குத் தெரு, இந்த மூன்றையும் சுற்றினால் போதும். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுபோட்ட சம்மாங்கோட்டார் பள்ளிவாசல் கண்ணில் பட்டால் இரண்டாம் குறுக்குத் தெருவில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். கடைக்காரர்களில் பலர் தமிழ் பேசுவார்கள். பூப்போட்ட பருத்தித்துணியை இங்குள்ளவர்கள் சீத்தை என்பார்கள், நூல்கண்டை நூல்பந்து என்பார்கள். சிங்களத்தில் கேட்கணும் என்றால் "கபு ரெதி, மீட்டரயக் கீயத?" போதும். பருத்தித்துணி, மீட்டர் என்ன விலை என்று பொருள். நூலுக்குச் சிங்களத்திலும் நூல்தான். அதை முதல்முறை கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சிய துணிகள் புறக்கோட்டையிலும் மகரகமவுக்குப் பக்கத்தில் பமுனுவவிலும் மலிவாகக் கிடைக்கும். அதில் பருத்தி எது, கலப்பு எது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவி வீட்டில் தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு கெட்டியான மணிபோல நின்றால் பாலியெஸ்டர் கலந்தது. கொள்ளுப்பிட்டியில் பேர்ஃபுட் கடையின் கைத்தறியையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பார்பரா சன்சோனி 1960-களில் தொடங்கிய வேலை அது. மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதாவை வைக்கும் துணிச்சலை அங்கே கற்றுக்கொள்ளலாம். விலை கூடுதல், அதனால் நான் அரை மீட்டர் வாங்கி ஓரப்பட்டைக்கு மட்டும் வைப்பேன். கைத்தறி ஓரம் பிரியும், தையலைக் கொஞ்சம் நெருக்கமாகப் போடுங்கள்.

எந்தத் துணியானாலும் முதலில் தண்ணீரில் போட்டுச் சாயம் பாருங்கள். இதில் நான் பட்டதைச் சொல்லியே ஆகவேண்டும். இரண்டாம் வருஷத் தீபாவளிக்கு வெள்ளையில் அரக்குச் சிவப்புக் கட்டம் வைத்து ஒரு போர்வை. "சாயம் போகவே போகாது" என்று கடையில் சொன்னதை நம்பி, துவைக்காமல் வெட்டித் தைத்துவிட்டேன். நாலு மாத வேலை. முதல் துவைப்பில் வெள்ளையெல்லாம் ரோஜா நிறம். வாளிக்குப் பக்கத்தில் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் தெருக்கோடியில் ஒரு யாழ்ப்பாணத்து மாமி, அறுபது வருஷமாகத் தைக்கிறவர். அவருக்குப் போன் போட்டேன். "பிள்ளை, அழாதேயும். காய விட்டிடாதேயும், அயன் பண்ணிடாதேயும். அப்பிடியே ஈரத்தோட வாளிக்குள்ள போட்டு இங்க கொண்டு வாரும்" என்றார்.

அவர் வீட்டுப் பெரிய தொட்டியில் சுடுநீர் நிரப்பி, பாத்திரம் கழுவுகிற திரவம் கொஞ்சம் விட்டு, போர்வை முழுக்க முங்கும்படி அமிழ்த்தினோம். மேலே ஒரு துளியும் எட்டிப் பார்க்கக்கூடாது. இரவு முழுக்க ஊறவிட்டு, தண்ணீர் சிவந்தால் கொட்டிவிட்டு மறுபடி சுடுநீர். சுடுநீரும் சோப்பும் ஒட்டாத சாயத்தைத் தண்ணீரிலேயே மிதக்க வைக்கும், தண்ணீர் நிறைய இருந்தால் அது வெள்ளையில் போய் உட்காராது. மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்தது. அந்த மூன்று நாளும் இரண்டு பேர் மாறிமாறி வந்து கெட்டில் கெட்டிலாக வெந்நீர் கொதிக்க வைத்தார்கள். ஒருவர் தெஹிவளை முஸ்லிம் பெண், இன்னொருவர் என் மாடிவீட்டுக்காரர். அந்தப் போர்வைதான் இப்போதும் என் கட்டிலில் கிடக்கிறது. ஒரு மூலையில் மட்டும் மெல்லிய ரோஜா நிழல் உண்டு.

நாங்கள் இப்போது ஏழு பேர். பெயரில்லை, சந்தா இல்லை. போயா நாள் மத்தியானம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். மாதாமாதம் பௌர்ணமி இங்கே விடுமுறை, அதனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கணவர்மார் வீட்டில் இருப்பார்கள். ஒரு தட்டில் வடை, ஒரு தட்டில் கொக்கிஸ். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது, மெஷின் எல்லாம் நின்றுபோன வேளையிலும் இந்தக் கூட்டம் நிற்கவில்லை. பால்கனி வெளிச்சத்தில் கையூசியால் ஓட்டினோம். யாரிடம் நூல் இருக்கிறதோ அவர் பந்தைப் பாதியாகச் சுற்றிக் கொடுப்பார். அந்த வருஷம் மாமிக்குக் கண் அறுவைச் சிகிச்சை. தைக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன வாரங்களில், ஆளுக்கொரு கட்டம் தைத்து அவருடைய பாதிப் போர்வையை முடித்துக் கொடுத்தோம். அதைக் கையால் தடவிப் பார்த்தே எந்தக் கட்டம் யார் தைத்தது என்று சொல்லிவிட்டார். என்னுடையதில் தையல் இறுக்கமாம்.

இப்படிப் பல கை சேர்ந்து தைக்கும்போது ஒரு சிக்கல் வரும். எல்லோரும் துணியோரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளித் தைப்பதாகத்தான் நினைப்போம், ஒவ்வொரு மெஷினிலும் அது ஒவ்வொரு அளவாக விழும். ஒன்பது கட்டம் சேர்ந்தால் அரை அங்குலம் இடிக்கும். மாமி சொல்லிக்கொடுத்த வழி: ஊசிக்கு நேரே அளவுகோலை வைத்து, கால் அங்குலம் தள்ளி மெஷின் தட்டில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டுங்கள். துணியோரம் டேப்பைத் தொட்டபடியே போகட்டும். அதற்குப் பிறகு எங்கள் கட்டங்கள் இடித்ததில்லை.

சில்லறை விஷயங்கள். வெட்டச் சுலபமாக இருக்கட்டும் என்று அரிசிக்கஞ்சி போட்டால், முடித்ததும் கட்டாயம் அலசிவிடுங்கள், இந்த ஈரத்தில் கஞ்சிக்குப் பூச்சி தேடி வரும். போர்வையைப் பிளாஸ்டிக் பையில் மூடி வைக்காதீர்கள். பழைய பருத்தித் தலையணை உறையில் வையுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். பிறந்த குழந்தைக்குப் பரிசாகத் தைத்தால், தரையில் விரித்துப் படுக்கவைக்க மட்டும் என்று தாயிடம் சொல்லிக் கொடுங்கள். ஒரு வயதுவரை தொட்டிலுக்குள் தளர்ந்த போர்வை கூடாது, மூச்சுக்கு ஆபத்து.

நேற்று இன்னொருவர் கேட்டிருந்தார், தைத்ததை விற்கலாமா என்று. கணவரின் விசாவில் துணையாக வந்தவர்கள் பணம் வாங்கிச் செய்கிற எதையும் தொடங்கும் முன் பத்தரமுல்லையில் குடிவரவுத் திணைக்களத்தில் நேரில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று இறங்க வேண்டாம்.

கோயம்புத்தூர்த் தங்கைக்கு: அடுத்த போயாவுக்குக் கூட்டம் என் வீட்டில்தான், முகவரியைத் தனியாக அனுப்புகிறேன். மெஷின் தூக்கிவர வேண்டாம். துணியைத் துவைத்துக் காயவைத்து, ஆறரை அங்குலச் சதுரமாக எட்டுத் துண்டு வெட்டி எடுத்து வாருங்கள். உங்களுக்கு ஒன்று, மற்ற ஏழும் ஆளுக்கொன்றாக எங்களுக்கு. ஊர்த்துணி ஏதாவது இருந்தால் அதிலிருந்து வெட்டுங்கள். மாமி கோயம்புத்தூர்ப் பருத்தியைத் தொட்டுப் பார்க்கணும் என்கிறார்.