வால்பாறை – அதிரப்பள்ளி வழியில் காட்டுக்குள் கூடாரம் போட அனுமதி கிடைக்குமா?

பொள்ளாச்சி ரைடர்: டிசம்பர் கடைசியில் நண்பர்களோடு பைக்கில் வால்பாறை, மளுக்கப்பாறை, வாழச்சால் வழியாக அதிரப்பள்ளி போகிறோம். நடுவில் ஒரு ராத்திரி ஆற்றோரமாகக் கூடாரம் போட்டுத் தங்க ஆசை. கூடாரம், சின்ன கேஸ் அடுப்பு எல்லாம் இருக்கிறது. யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? அந்தக் காட்டில் வாழும் பழங்குடிகளான காடர்களின் குடியிருப்பில் சொல்லிவிட்டால் போதும் என்கிறான் ஒரு நண்பன். இல்லையென்றால் வால்பாறையிலேயே ஏதாவது தேயிலைத் தோட்டத்துக்குள் போட்டுக்கொள்ளலாமா?

காட்டுவழி: தம்பி, அந்த ரோட்டோரக் காட்டில் சொந்தக் கூடாரம் போட யாரும் அனுமதி தரமாட்டார்கள். மளுக்கப்பாறை தாண்டினால் வாழச்சால் வரை ரிசர்வ் காடு. இரண்டு முனையிலும் செக்போஸ்ட் உண்டு, மாலை 6 மணிக்கு மேல் வண்டியை விடமாட்டார்கள். உள்ளே நுழையும்போது நேரம் குறித்த சீட்டு கொடுப்பார்கள், அதை மறுமுனையில் பார்ப்பார்கள். வழியில் தங்கினால் அங்கேயே தெரிந்துவிடும். கேரள வனச் சட்டத்தின் (1961) 27ஆம் பிரிவுப்படி ரிசர்வ் காட்டுக்குள் அத்துமீறி நுழைவதே குற்றம்.

வால்பாறையைச் சுற்றி இருப்பது ஆனைமலை புலிகள் காப்பகம். அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும். 2022 திருத்தத்துக்குப் பிறகு அதை மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அடுப்பு பற்றவைத்தால் அது தனி வினை.

காடர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வாழச்சால் பகுதிக் காடர் ஊர்களுக்கு 2014இல் சமூக வன உரிமை கிடைத்தது. அது வன உரிமைச் சட்டப்படி (2006) காட்டைக் காக்கவும், தேன் போன்ற சிறு வனப்பொருட்களை எடுக்கவும் அவர்களுக்கு உள்ள உரிமை. வெளியாட்களைத் தங்கவைக்கும் அதிகாரம் அதில் இல்லை. உங்களுக்காகத் தலையாட்டிவிட்டு அவர்கள் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தால் அது பாவம். தயவுசெய்து அவர்களிடம் போய்க் கேட்காதீர்கள்.

எஸ்டேட் பொண்ணு: நான் வால்பாறையில் பிறந்து வளர்ந்தவள். தேயிலைக்குள் கூடாரம் என்ற நினைப்பையே விட்டுவிடுங்க அண்ணா. பகலில் ஆற்றோரத்து மரங்களுக்குள் நிற்கும் யானைகள் ராத்திரி தேயிலை வழியாகத்தான் நடக்கும். அதற்காகவே இங்கே சிவப்பு எச்சரிக்கை விளக்குகளும், யானை நிற்கும் இடத்தைச் சொல்லும் எஸ்எம்எஸ் ஏற்பாடும் இருக்கின்றன. வீட்டுக்குள் படுத்திருக்கும் எங்களுக்கே பயம். சிறுத்தை வேறு. தனியார் நிலம் என்றால் ஆபத்து இல்லை என்றும் நினைக்காதீர்கள். 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி பக்கம் ஒரு தனியார் விடுதியின் கூடாரத்தில் தங்கிய பெண்ணை யானை கொன்றது.

பொள்ளாச்சி ரைடர்: ரொம்ப நன்றி. நண்பனிடமும் சொல்லிவிட்டேன். சரி, முறைப்படி காட்டுக்குள் கூடாரத்தில் தங்கவே வழி இல்லையா?

காட்டுவழி: இருக்கிறது, பக்கத்திலேயே. பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்தில் ஆனப்பாடியில் கேரள வனத்துறையே நடத்தும் கூடாரங்கள் உண்டு. முன்பதிவு கட்டாயம். டிசம்பர் கடைசி என்றால் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் இப்போதே பாருங்கள். பரம்பிக்குளம் கேரளாவில் இருந்தாலும் ரோடு சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான். பைக்கை உள்ளே விடுவதில்லை. பதிவு செய்யும்போதே நிறுத்தும் இடம் பற்றிக் கேட்டுவிடுங்கள். பொள்ளாச்சியில் இருந்து அரசு பஸ் உண்டு.

பொள்ளாச்சி ரைடர்: அப்போ முதலில் பஸ்ஸில் பரம்பிக்குளம், அப்புறம் பொள்ளாச்சி திரும்பி பைக்கில் வால்பாறை. அங்கே ராத்திரி லாட்ஜில் தங்கிக்கொள்கிறோம். அதிரப்பள்ளிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினால் நல்லது?

எஸ்டேட் பொண்ணு: காலையில் சாப்பிட்டவுடன் கிளம்பிடுங்க. வால்பாறையிலேயே பெட்ரோல் நிரப்பிக்கோங்க. ரோட்டில் யானை நின்றால் ஹாரன் அடிக்காமல் தூரத்திலேயே நிறுத்தி, அது போகும்வரை காத்திருங்க. மதியத்துக்கு மேல் மளுக்கப்பாறை செக்போஸ்ட் போய் நிற்காதீங்க.