ஒரே கட்டுரைக்கு ஒருவர் 14, இன்னொருவர் 8: அளவுகோலில் குறையா, திருத்துபவரிடம் குறையா?

கேள்வி:
கல்லூரி முதலாண்டு மாணவர்களின் கட்டுரைகளை எங்கள் துறையில் பலர் பகிர்ந்து திருத்துகிறோம். கருத்து, கட்டமைப்பு, சான்று, மொழி ஆகியவற்றுக்குத் தலா 5 என 20 மதிப்பெண்ணுக்கு ஓர் அட்டவணை உண்டு. அண்மையில் ஒரே கட்டுரை தவறுதலாக இருவர் கைக்குப் போனதில், ஒருவர் 14 போட, மற்றவர் 8 போட்டிருந்தார். வாதம் கூர்மையான கட்டுரைதான். ஆனால் பத்திக்குப் பத்தி ஒற்றுப்பிழைகள். அட்டவணையை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தால் இந்த இடைவெளி குறையுமா?

மறுமொழி 1:
இது பழைய சிக்கல். அமெரிக்காவின் கல்வித் தேர்வு நிறுவனம் 1961இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி முதலாண்டு மாணவர்களின் 300 கட்டுரைகளை வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த 53 பேரிடம் கொடுத்து, அளவுகோல் எதையும் சொல்லாமல் ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையும் பெற்றன. ஐந்துக்கும் குறைவான தரங்களோடு தப்பிய கட்டுரை ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த வேறுபாட்டுக்குள்ளும் ஓர் ஒழுங்கு தெரிந்தது: சிலர் கருத்துக்கும், சிலர் பிழையின்மைக்கும், வேறு சிலர் அமைப்புக்கோ சொல்லாட்சிக்கோ முதலிடம் கொடுத்திருந்தார்கள். உங்கள் இருவரும் அப்படித்தான் பிரிந்து நிற்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

மறுமொழி 2:
கட்டங்களைக் கூட்டுவதால் பயன் இல்லை. ‘வாதம் நன்று’, ‘வாதம் மிக நன்று’ என்று எழுதி வைத்தால் இரண்டுக்கும் இடையிலான கோட்டை ஒவ்வொருவரும் தம் விருப்பம்போல் போட்டுக்கொள்வார்கள். அதைவிட, ‘மையக்கருத்து ஒரே வாக்கியத்தில் சொல்லப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு சான்றும் அதை எவ்வாறு நிறுவுகிறது என்பதை மாணவரே விளக்குகிறார், ஓர் எதிர்வாதத்தையேனும் எடுத்து விடையளிக்கிறார்’ என்று தாளில் கண்ணால் காணக்கூடியவற்றை எழுதுங்கள். அதோடு, முந்தைய ஆண்டுத் தாள்களிலிருந்து உயர்ந்தது, நடுத்தரமானது, தேர்ச்சிக் கோட்டில் நிற்பது என மாதிரிகளைப் பெயர் நீக்கி எடுத்துவைத்து, திருத்தத் தொடங்குமுன் எல்லோரும் தனித்தனியே மதிப்பெண் போட்டு ஒப்பிட்டுப் பேசுங்கள். அட்டவணை செய்ய முடியாததை அந்த ஒரு மணி நேரப் பேச்சு செய்துவிடும். தேர்ச்சிக் கோட்டுத் தாளில்தான் சண்டை வரும், வரட்டும்.

பிழைகளைப் பொறுத்தவரை, ஒரே வகை ஒற்றுப்பிழை இருபது இடங்களில் வந்தாலும் அதை ஒரு குறையாகவே கொள்ள வேண்டும், அதுவும் மொழிக்கான 5க்குள் மட்டுமே. எட்டு போட்டவர் மொழிக்குச் சுழியமே கொடுத்திருந்தாலும் மீதி 15இல் 8தான் கொடுத்திருக்கிறார் என்று ஆகிறது. ஒரு பண்பைப் பற்றிய எண்ணம் மற்றப் பண்புகளின் மதிப்பீட்டிலும் படிந்துவிடும் என்று அமெரிக்க உளவியலாளர் தார்ண்டைக் 1920இலேயே காட்டியிருக்கிறார்.

மறுமொழி 3:
மேலே சொன்னதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. எதிர்வாதம் இருந்தால் மதிப்பெண் என்று எழுதிவைத்தால், மாணவர்கள் கடைசிப் பத்திக்கு முன் ஒரு பொம்மை எதிர்வாதத்தை நிறுத்தி, அதை வீழ்த்திவிட்டுப் போவார்கள். எல்லாக் கட்டங்களையும் நிரப்பிய உயிரற்ற கட்டுரை 16 வாங்க, சொந்தமாகச் சிந்தித்துத் தடுமாறிய கட்டுரை 11 வாங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே முதலில் முழுதும் படித்து ஒட்டுமொத்தத் தரம் ஒன்றைக் குறித்துவிட்டு, பிறகு தலைப்புவாரியாக மதிப்பெண் போடுகிறேன். இரண்டும் பொருந்தாவிட்டால் தாளை மீண்டும் படிக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எல்லாத் தாள்களையும் இருமுறை திருத்த எங்களுக்கு நேரம் இல்லையே?

மறுமொழி 2:
எல்லாம் வேண்டாம். ஒவ்வொருவர் கட்டிலிருந்தும் சில தாள்களை, குறிப்பாகத் தேர்ச்சிக் கோட்டை ஒட்டியவற்றை, முதல் மதிப்பெண்ணை மறைத்து இன்னொருவரிடம் கொடுங்கள். வேறுபாடு 3க்கு மேல் போனால் மூன்றாமவர் படிக்கட்டும். சராசரி எடுத்து 11 என்று முடித்துவிடாதீர்கள். அந்த மதிப்பெண்ணை உங்களில் எவருமே கொடுக்கவில்லை.