தேவனுக்குப் பயந்த ஒருவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

பிரசங்கத்தில் கேட்டது வேண்டாம். "இவர் தேவபயம் உள்ளவர்" என்று நீங்கள் யாரையாவது நினைத்திருந்தால், எதைப் பார்த்து அப்படி நினைத்தீர்கள் என்று எழுதுங்கள்.

உடன்குடி பக்கத்திலிருந்து ஒருவர்

என் சித்தப்பா கருப்பட்டி மொத்தமாக வாங்கி விற்கிறவர். சீசனில் அவரோடு பைக்கில், பதநீர் காய்ச்சுகிற குடிசைகளான விடிலி விடிலியாகப் போவேன். கருப்பட்டியில் சீனி கலப்பது எங்கள் பக்கம் ஊரறிந்த ரகசியம். கொதிக்கிற பதநீரில் சீனியைக் கொட்டினால் எடை கூடும், விறகும் மிச்சம். பனையேறிப் பெரியவர் ஒருவர் மட்டும் கலக்கவே மாட்டார். கையில் பெரிதாகக் காசும் கிடையாது. சித்தப்பா ஒருநாள் கேட்டேவிட்டார்: "கொஞ்சம் போட்டாத்தான் என்ன அண்ணாச்சி? வாங்குறவனுக்குத் தெரியவா போகுது?"

"தெரியாதுலா, அதான் போடல" என்றார் பெரியவர். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. சிரட்டையில் பாகு ஊற்றப் போய்விட்டார்.

பைபிளில் லேவியராகமம் 19:14 அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. செவிடனை நிந்திக்காதே, குருடனுக்கு முன்னே தடுக்கல் வைக்காதே என்று சொல்லிவிட்டு, "உன் தேவனுக்குப் பயந்திருப்பாயாக" என்று முடிகிறது. செவிடனுக்கு நாம் திட்டியது கேட்காது. கல்லை வைத்தது யாரென்று குருடனுக்குத் தெரியாது. 25:43லும் அப்படித்தான். வறுமையால் விலைப்பட்டு வந்தவனைக் கொடூரமாய் ஆளாதே, தேவனுக்குப் பயந்திரு என்கிறது. நாம் என்னவோ தேவபயம் என்றாலே முக்காடு, நகை, சினிமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். தராசையும் கூலியையும் பற்றி எந்தக் கன்வென்ஷன் கூட்டத்தில் பேசுகிறார்கள்?

மதுரையிலிருந்து ஒரு நர்ஸ்

மேலே எழுதியவர் சொன்னதை நான் ஐசியுவில் பார்த்திருக்கிறேன். நான் சேர்ந்த புதிதில் நைட் டியூட்டியில் ஒரு சீனியர் சிஸ்டர் இருந்தார். வென்டிலேட்டரில் நினைவில்லாமல் கிடப்பவரைத் திருப்பிப் படுக்கவைக்கும் முன்னால், "ஐயா, இப்போ இடது பக்கம் திருப்பப் போறோம்" என்று சொல்லுவார். யாரும் இல்லாத நடுராத்திரியிலும் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் உடம்பு துடைப்பார். "அவருக்குத்தான் நினைவே இல்லையே சிஸ்டர்" என்றேன். "எனக்கு இருக்கே" என்றார்.

எடுக்காத பி.பி.யை எடுத்ததாகச் சார்ட்டில் எழுதச் சொன்னபோது, மேலதிகாரியிடமே முடியாது என்று சொன்ன ஆளும் அவர்தான். யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்று இரண்டு மருத்துவச்சிகள் வருவார்களே, அவர்களைப் பற்றி அடிக்கடி பேசுவார். ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்னவன் பார்வோன். ஆனாலும் தேவனுக்குப் பயந்ததால் அவர்கள் கொல்லவில்லை. நம்மைப் போல வேலை பார்த்தவர்கள் அவர்கள் என்பார், பெருமையாக.

பெயர் வேண்டாம் என்ற ஒரு சகோதரி

நான் வேறு விதமான பயத்தில் வளர்ந்தவள். காய்ச்சல் வந்தாலும் "ஆண்டவர் அடிக்கிறார்" என்பார்கள். கல்யாணமான பிறகு கரு கலைந்தபோது, சபை மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை, பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். அதன்பிறகு திருவிருந்துக்குப் போகவே கை நடுங்கியது, போவதை நிறுத்திவிட்டேன்.

ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர்தான் சங்கீதம் 130:4ஐ எடுத்து என்னையே வாசிக்கச் சொன்னார். "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." மன்னிப்பு இருந்தால் பயம் போகத்தானே வேண்டும் என்று கேட்டேன். "அடிக்கு மட்டும் பயப்படுறதுன்னா போலீஸே போதுமேம்மா" என்று சிரித்தார். ஆதாம் பயந்து மரங்களுக்குள் ஒளிந்தான், பேதுரு இயேசுவை மறுதலித்துவிட்டு மனங்கசந்து அழுதான், இரண்டையும் வாசித்துப் பார் என்றார். ஒளிந்துகொள்ள வைக்கிற பயத்தில்தான் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன் என்று எனக்கு அப்போது தெரிந்தது. இவ்வளவு மன்னித்தவரை நோகடித்துவிடக் கூடாதே என்கிற பயம் வேறு மாதிரி. அது கிட்டே போகச் சொல்கிறது.

இப்போது திருவிருந்துக்குப் போகிறேன். அந்த மூப்பருக்கு ஸ்தோத்திரம் சொல்வதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.